அம்மாவுக்கு டிமென்ஷியா (மறதி நோய்) "நடுத்தரம்" என்கிறார் ஒரு டாக்டர், "லேசானது" என்கிறார் இன்னொருவர். எதை வைத்து இதை முடிவு செய்கிறார்கள்?

செவ்வந்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், சுருக்கமாகக் கேட்ட இடத்திலெல்லாம் "வயசானா அப்படித்தான்" என்ற பதில்தான் கிடைத்தது.

அம்மாவுக்கு 71 வயது. ராஜபாளையம் பக்கத்தில் இருக்கிறோம். மூன்றாம் வகுப்புவரைதான் படித்தவர், கையெழுத்து மட்டும் போடுவார். ஆனால் எங்கள் தெருவில் முப்பது வருஷம் ஏலச்சீட்டு நடத்தியவர். இருபது பேர் சீட்டு. எந்த மாசம் யார் எடுத்தார்கள், எவ்வளவு தள்ளிப் போனது, யார் இன்னும் பாக்கி, எல்லாமே மனக்கணக்கு. நோட்டில் எழுதுவது நானும் அண்ணனும். நாங்கள் தப்பாக எழுதிவிட்டால் நோட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சீட்டில்தான் முதலில் தெரிந்தது. பணம் கட்டியவர் வீட்டுக்கே மறுபடி போய்ப் பணம் கேட்டார். சீட்டு எடுத்து முடித்தவருக்கு இன்னொரு தடவை கொடுக்கப் போனார். தெருவில் சண்டையாகிவிட்டது. கடைசியில் நான் உட்கார்ந்து கணக்கை முடித்துச் சீட்டையே நிறுத்தினேன். அப்புறம் ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்பது, பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவது, நாற்பது வருஷமாகப் போய் வந்த பஜாரில் எந்தச் சந்து என்று தெரியாமல் நிற்பது என்று ஒவ்வொன்றாக வந்தது. குளிப்பது, சேலை கட்டுவது, சாப்பிடுவது எல்லாம் இன்றைக்கும் அவரேதான்.

முதலில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனோம். பத்து நிமிஷம்தான். இன்றைக்கு என்ன தேதி, இது எந்த மாவட்டம், நூறில் ஏழு கழித்துக்கொண்டே வாருங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள், இந்தப் படத்தைப் பார்த்து வரையுங்கள் என்று கேட்டார்கள். முப்பதுக்கு 14. எம்.ஆர்.ஐ.யில் மூளை சுருங்கியிருக்கிறது என்றார்கள். டாக்டர் சீட்டில் "மாடரேட் டிமென்ஷியா", அதாவது நடுத்தரம், என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மனசு கேட்காமல் மதுரையில் ஒரு மனநல டாக்டரிடம் போனேன். அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு முதலில் என்னிடம்தான் பேசினார். போன வாரம் என்ன சாப்பாடு, போன மாசம் வீட்டில் ஏதாவது விசேஷம் உண்டா என்றெல்லாம் கேட்டார். இருக்கன்குடி கோயிலில் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து நடந்ததைச் சொன்னேன். எந்தக் கிழமை, யார் மடியில் குழந்தை, என்ன சமையல் என்று துருவித் துருவிக் கேட்டு எழுதிக்கொண்டார். எதற்கு இதெல்லாம் என்று எனக்கு அப்போது எரிச்சலாகக்கூட இருந்தது. கடைசியில் சீட்டில் எழுதியது இது: டிமென்ஷியா எந்த நிலை என்று பார்க்கும் சி.டி.ஆர். அளவில் 1. நினைவு 1, நேரமும் இடமும் 1, யோசித்து முடிவெடுப்பது 2, வெளி வேலைகள் 1, வீட்டு வேலை 1, தன்னைக் கவனித்துக்கொள்வது 0, கூட்டினால் 6. ஃபாஸ்ட் என்ற இன்னொரு அளவில் 4. "லேசான நிலைதான்" என்று சொல்லி அனுப்பினார்.

பெங்களூரில் இருக்கும் அண்ணன், "ரெண்டு டாக்டரும் ரெண்டு விதமா சொல்றாங்க, ஞாயிற்றுக்கிழமை போன்ல அம்மா நல்லாத்தானே பேசுது, நீ சும்மா அலையாதே" என்கிறார். யார் சொல்வது சரி? எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அந்த 14க்கு என்ன அர்த்தம்? ஒரு நிலையைச் சொல்லிவிட்டால் அடுத்த நிலை எப்போது என்று சொல்ல முடியுமா?


பொருநைக்கரை எழுதியது:

சகோதரி, நான் மனநல மருத்துவர், அரசு மருத்துவமனையில் வேலை. உங்கள் அம்மாவைப் பார்க்காமல் அவருக்கு என்ன நிலை என்று இங்கே சொல்ல மாட்டேன், ஆனால் அந்தச் சீட்டுகளைப் படிப்பது எப்படி என்று சொல்ல முடியும்.

அந்த முப்பது மதிப்பெண் பரீட்சைக்குப் பெயர் எம்.எம்.எஸ்.இ. 1975ல் ஃபோல்ஸ்டீன் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் அமெரிக்காவில் உருவாக்கியது. நேரம், இடம் தெரிகிறதா என்பதற்குப் பத்து, மூன்று சொல்லைத் திருப்பிச் சொல்ல மூன்று, கொஞ்ச நேரம் கழித்து அதே சொற்களை நினைவுபடுத்த மூன்று, நூறில் ஏழு கழிக்க ஐந்து, மீதி மொழியும் எழுத்தும் படமும். பொதுவாகப் புழங்கும் கணக்கு 21 முதல் 26 வரை லேசானது, 10 முதல் 20 வரை நடுத்தரம், 10க்குக் கீழே கடுமை. 14 என்று வந்ததும் அந்தக் கணக்குப்படி "மாடரேட்" என்று எழுதியிருக்கிறார்கள்.

இப்போது அம்மாவின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். படித்துவிட்டு அதன்படி செய்வதற்கு ஒரு மதிப்பெண், வாக்கியம் எழுத ஒன்று, ஐங்கோணங்களைப் பார்த்து வரைய ஒன்று, கழித்தலுக்கு ஐந்து. பென்சில் பிடித்துப் பழகாத, பள்ளிக்கூடக் கழித்தல் தெரியாத ஒருவருக்கு மூளை முழு நலமாக இருந்தாலும் இந்த எட்டும் ஆட்டம் கண்டுவிடும். தேதியை இங்கிலீஷ் மாசத்தில் கேட்டால் இன்னும் போகும், நம் பெரியவர்கள் பலருக்கு ஆடி, ஆவணி, அமாவாசை, கிருத்திகைதானே கணக்கு. இந்தச் சிக்கல் புதிதும் இல்லை. ஹரியானாவில் பல்லப்கர் பக்கத்துக் கிராமங்களில் ஆராய்ச்சி செய்தவர்கள் இதற்காகவே 1990களில் இந்தப் பரீட்சையை இந்தியில் மாற்றி அமைத்தார்கள். "கண்ணை மூடு" என்று எழுதியதைப் படிக்கச் சொல்வதற்குப் பதிலாக, நான் செய்வதைப் பார்த்துச் செய் என்று தானே கண்ணை மூடிக் காட்டினார்கள். எழுதச் சொல்வதற்குப் பதிலாக உன் வீட்டைப் பற்றி ஏதாவது சொல் என்றார்கள். வளரும் நாடுகளில் டிமென்ஷியாவை ஆராயும், சென்னையிலும் வேலூரிலும் ஆய்வு நடத்திய 10/66 என்ற குழுவும் இதே கவலையோடுதான் வேலை செய்தது, படிப்பு குறைவு என்பதாலேயே ஒருவருக்கு டிமென்ஷியா என்று முத்திரை விழுந்துவிடக் கூடாது என்று கூட இருப்பவரிடம் தனியாகக் கேட்கும் பகுதியையும் சேர்த்தது.

ஆனால் உங்கள் அம்மா விஷயத்தில் ஒன்று என்னை நிறுத்தியது. பள்ளிக்குப் போகாத ஒரு பாட்டி நூறில் ஏழு கழிக்கத் தடுமாறினால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். முப்பது வருஷம் ஏலச்சீட்டை மனக்கணக்கில் ஓட்டியவர் தடுமாறினால் எடுத்துக்கொள்வேன். ஒருவர் எங்கே இருந்தார், இப்போது எங்கே இருக்கிறார் என்ற இடைவெளியைத்தான் நாங்கள் அளக்கப் பார்க்கிறோம். மதுரை டாக்டர் "யோசித்து முடிவெடுப்பது" என்ற கட்டத்தில் மட்டும் 2 போட்டிருப்பது நீங்கள் அந்தச் சீட்டுச் சண்டையைச் சொன்னதால்தான் இருக்கும்.

சி.டி.ஆர். 1982ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வந்தது. மதிப்பெண் போடும் விதிகளை ஜான் மோரிஸ் 1993ல் திருத்தி எழுதினார். ஆறு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 0.5, 1, 2, 3. தன்னைக் கவனித்துக்கொள்வதற்கு மட்டும் அரை கிடையாது. மொத்த நிலை சராசரி போட்டு வருவதில்லை, நினைவுதான் நடுத்தூண். மற்ற ஐந்தில் குறைந்தது மூன்று நினைவின் மதிப்பெண்ணோடு ஒத்துப் போனால் அதுவே மொத்த நிலை. அம்மாவுக்கு நினைவு 1. நேரமும் இடமும், வெளி வேலை, வீட்டு வேலை மூன்றும் 1. எனவே 1, அதாவது லேசானது. ஆறையும் கூட்டி வரும் எண் 0 முதல் 18 வரை போகும், 4.5 முதல் 9 வரை லேசான நிலை. அம்மாவின் 6 அதற்குள் அடங்குகிறது. மொத்த நிலை என்ற அந்த ஒரு எண்ணைவிட இந்தக் கூட்டுத்தொகை ஆறு மாசத்துக்கு ஒரு முறை பார்க்கும்போது அதிகம் பயன்படும், ஏனென்றால் மொத்த நிலை 1லேயே நிற்கும்போதும் உள்ளே கூட்டுத்தொகை ஏறியிருக்கும்.

காதுகுத்து விவரத்தை எதற்குத் துருவினார் என்றால், அதேபோல் அம்மாவிடமும் உள்ளே கூப்பிட்டுக் கேட்டிருப்பார். நீங்கள் சொன்னதையும் அவர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் அந்தப் பரிசோதனையின் உயிர். "ஆமா, நல்லா நடந்துச்சு, எல்லாரும் வந்தாங்க" என்று அழகாகச் சொல்லுவார்கள், யார் மடியில் என்று கேட்டால் நழுவுவார்கள். உங்கள் அண்ணன் போனில் கேட்பது அந்த முதல் பாதியைத்தான். பேச்சு மரியாதையும் பழகிய வார்த்தைகளும் ரொம்ப நாள்வரை ஓரளவு நிற்கும், பத்து நிமிஷம் நலம் விசாரிக்க அவை போதும்.

இன்னொன்று. நம் வீடுகளில் வயசானவரை மரியாதைக்காகவே வேலை செய்ய விடுவதில்லை, மருமகள் வந்ததும் அடுப்படி கைமாறிவிடும். அப்போது வீட்டு வேலைக் கட்டத்தில் "செய்வதில்லை" என்று நீங்கள் சொன்னால், முடியாமல் செய்வதில்லையா, விடாததால் செய்வதில்லையா என்று கேட்டாக வேண்டும். முழங்கால் வலியால் பஜாருக்குப் போகாததும் கணக்கில் வராது, அறிவுக் குறைவால் நின்றது மட்டும்தான் கணக்கு.

எம்.ஆர்.ஐ. என்ன வகை நோய், கட்டி, ரத்தக் கசிவு, பழைய பக்கவாதம் ஏதாவது உண்டா என்று பார்க்க உதவும். சுருக்கத்தை வைத்து நிலையை முடிவு செய்யக் கூடாது. நல்ல சுருக்கம் இருந்தும் கடைக்குப் போய் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்தார்களா? மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்டார்களா? இவற்றைச் செய்யவில்லையென்றால் அதை முதலில் முடியுங்கள்.


அப்பாவின்_துணை எழுதியது:

டாக்டர் சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். கோயம்புத்தூர், அப்பாவுக்கு 76 வயது, மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். அவருக்கு இருப்பது டிமென்ஷியாவில் அதிகம் காணும் அல்சைமர் வகை இல்லை, லூயி பாடி டிமென்ஷியா என்ற வேறு வகை, அது தெரியவே எங்களுக்கு ஒன்றரை வருஷம் ஆனது.

ஆரம்பத்தில் அவருக்கு எம்.எம்.எஸ்.இ.யில் 25. எல்லோரும் லேசானதுதான் என்றார்கள். நானும் நம்பினேன். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பீரோ மேல் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், இறக்கிவிடு என்பார். நடக்கும்போது காலைத் தேய்ப்பார், இரண்டு தடவை விழுந்தார். சிறுநீர் அடக்க முடியாமல் போனது மறதி வருவதற்கு முன்னாலேயே. அடுத்த நாள் காலையில் பேப்பரை முழுசாகப் படித்துவிட்டு அரசியல் பேசுவார். அந்த ஃபாஸ்ட் என்ற ஏழு படியை இணையத்தில் பார்த்து நானே அப்பாவை அதில் வைத்துப் பார்த்தேன், ஒரு காலை நான்காம் படியிலும் இன்னொரு காலை ஆறாம் படியிலும் வைத்திருப்பது மாதிரி இருந்தது. பிறகு பார்த்த டாக்டர்தான் விளக்கினார், அந்தப் படிகள் அல்சைமருக்காக வைத்தவை, வரிசையாக இறங்காமல் தாண்டிப் போனால் வேறு வகையோ வேறு கோளாறோ கூட இருக்கிறதா என்று தேட வேண்டும் என்று. அதற்கு முன்னால் ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், கண்ணுக்குத் தெரியாதவை தெரிகிறது என்றதும் ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்துவிட்டார்கள், அப்பா மரக்கட்டை மாதிரி ஆகி ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை. லூயி பாடிக்காரர்களுக்கு அந்த மாதிரி மருந்து அப்படித்தான் செய்யுமாம்.

அதனால் சொல்கிறேன், எண்ணைவிட நாளின் நேரத்தை எழுதுங்கள். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுத ஆரம்பித்தேன். "செவ்வாய், மாலை 6.40, செருப்பை அரிசி டப்பாவில் வைத்தார். இரவு 2 மணி, மில்லுக்கு நேரமாச்சு என்று சட்டை போட்டார். புதன் காலை நன்றாக இருந்தார்." இவ்வளவுதான். டாக்டரிடம் "ரொம்ப மறக்கிறார்" என்று சொன்னபோது கிடைத்த பதிலும் இந்த நோட்டைக் காட்டியபோது கிடைத்த பதிலும் வேறு வேறு. போனில் இரண்டு நிமிஷ வீடியோ எடுத்ததும் உதவியது, எடுக்கும்போது எனக்கு மனசு ஆறவில்லை, அப்பாவின் மானத்தை நானே படம் பிடிப்பது மாதிரி இருந்தது, டாக்டர் பார்த்ததும் அழித்துவிட்டேன்.

அந்த டாக்டர் அப்பாவைப் பற்றிக் கேட்டு முடித்ததும், நீ எத்தனை மணி நேரம் தூங்குகிறாய், கடைசியாக எப்போது வீட்டைவிட்டு வெளியே போனாய் என்று என்னைக் கேட்டார். எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. சகோதரி, உங்களிடம் யாராவது இதைக் கேட்டார்களா? நோயின் நிலையைப் பார்க்கும்போது பார்த்துக்கொள்கிறவரின் நிலையையும் பார்க்க வேண்டும், கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.


ஸ்காபரோ_தாதி எழுதியது:

நான் யாழ்ப்பாணத்துக்காரி, கனடாவில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் தாதியாக வேலை செய்கிறேன். செவ்வந்தி அக்கா கேட்ட படிப்புப் பிரச்சினை இங்கே மொழிப் பிரச்சினையாகவும் வருகிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இங்கே அதிகம் பாவிப்பது மோக்கா என்ற பரீட்சை, மொன்றியலில் செய்தது, 2005ல் வந்தது. அதுவும் முப்பதுக்குத்தான், 26க்குக் கீழே போனால் குறை என்று கணக்கு, பன்னிரண்டு வருடமோ குறைவாகவோ படித்தவருக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுப்பார்கள். ஒரு புள்ளி! எட்டாம் வகுப்போடு நின்ற எங்கட அம்மம்மாமாருக்கு அந்த ஒன்று என்ன காணும். சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம் படம் காட்டிப் பேர் கேட்கிற பகுதி இருக்கிறது. காண்டாமிருகத்தை உயிரோடு காணாத ஒரு அம்மா "பெரிய பன்றி" என்றார், அதற்குப் புள்ளி இல்லை. பேத்தியைப் பக்கத்தில் வைத்து மொழிபெயர்க்கவைத்தால் இன்னும் கரைச்சல். பிள்ளைகள் பாசத்தில் விடையையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள், இல்லையென்றால் வெட்கத்தில் அம்மம்மாவின் பிழையைத் திருத்தி மொழிபெயர்ப்பார்கள். பிறகு அந்த எண்ணுக்கு என்ன பெறுமதி? இருபது வருடம் இங்கே கடையில் ஆங்கிலம் கதைத்தவர்களுக்கும் நோய் கூடக்கூட அந்தப் பின்னால் வந்த மொழிதான் முதலில் விட்டுப் போகும். ஆங்கிலத்தில் சோதித்தால் ஒரு படி கீழே தெரிவார், தமிழில் "தேத்தண்ணி குடிச்சிட்டீங்களோ" என்று கேட்டால் முழு வசனம் வரும்.

மூக்குக்கண்ணாடியும் காது மெஷினும் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள் அக்கா, இதை எத்தனை பேர் மறந்துபோய்ச் சோதிக்கிறார்கள் தெரியுமா. கேட்காத கேள்விக்கு ஆர் பதில் சொல்ல முடியும்.

அடுத்தது, பின்னால் வருகிற நிலைகளில் முப்பதுக்கு எத்தனை என்ற கேள்விக்கே வேலையில்லை, பெரும்பாலும் பூச்சியத்தில் நிற்கும், ஆனால் ஆள் மாறிக்கொண்டே இருப்பார். அங்கேதான் ஃபாஸ்ட் எங்களுக்கு உதவுகிறது. நான்கு என்றால் காசு கணக்கு, விருந்துச் சமையல் மாதிரிச் சிக்கலான வேலை தடுமாறுகிறது. ஐந்து என்றால் எந்த உடுப்பு உடுப்பது என்று தெரிவுசெய்ய ஆள் வேண்டும். ஆறுக்குள் அடுத்தடுத்து உடுக்கிறது, குளிக்கிறது, மலசலகூடத்தில் சுத்தம் செய்கிறது, பிறகு சலம், பிறகு மலம் அடக்க முடியாமை. ஏழில் பேச்சு ஐந்தாறு சொல்லுக்குள் அடங்கி, பிறகு ஒரு சொல்லாகி, நடை போய், கதிரையில் இருக்கிறது போய், சிரிப்பும் போய், கடைசியில் தலையை நிமிர்த்தி வைத்திருக்கவும் ஏலாமல் போகும். அமெரிக்காவில் மரணத்துக்கு முன்னான ஆதரவுப் பராமரிப்புக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு ஏற்றுக்கொள்ளப் பார்க்கிறவற்றில் இந்த 7 சி, அதாவது நடை போன படி, ஒரு முக்கிய அளவு. உங்கட அம்மா 4. இதை எழுதுவது பயமுறுத்த இல்லை. ஏழாம் படியில் ஒரு அம்மா வாய் திறந்து வலிக்குது என்று சொல்ல மாட்டார், முகத்தைச் சுளிப்பதையும் மூச்சையும் பார்த்துத்தான் நாங்கள் வலியை அளக்கிறோம். அந்த நேரம் எப்படிப் பார்க்க வேண்டும், குழாயில் சாப்பாடு வேண்டுமா வேண்டாமா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டோட வேண்டுமா என்றெல்லாம் அம்மாவிடமே கேட்கக்கூடிய காலம் இதுதான். கேளுங்கோ.


செவ்வந்தி எழுதியது:

மூன்று பேருக்கும் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. நேற்று இரவு இதையெல்லாம் இரண்டு தடவை படித்தேன்.

டாக்டர், பி12 பார்த்தார்கள், குறைவாக இருந்து ஊசி போடுகிறோம். தைராய்டு சரி. கண்ணாடி போடாமல்தான் அந்த முதல் பரீட்சை எழுதினார், இப்போதுதான் ஞாபகம் வருகிறது, அது என் பையிலேயே இருந்தது.

இரண்டு கேள்வி. போன மாசம் நான்கு நாள் அம்மா திடீரென்று ரொம்ப மோசமாகிவிட்டார், என்னையே யாரென்று கேட்டார், பகலெல்லாம் தூக்கம், ராத்திரி கத்தல். அப்புறம் ஓரளவு தேறிவிட்டார். அதை அடுத்த நிலை வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வதா? இன்னொன்று, வீட்டுப் பத்திரம் அம்மா பெயரில் இருக்கிறது. லேசானது என்றால் கையெழுத்து செல்லும், நடுத்தரம் என்றால் செல்லாது என்று ஒரு உறவினர் சொல்கிறார். அதனால்தான் அண்ணனுக்கும் எனக்கும் இந்த வார்த்தை இவ்வளவு கனமாக இருக்கிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.


பொருநைக்கரை எழுதியது:

கண்ணாடி விஷயத்தில் உங்களை நொந்துகொள்ள வேண்டாம், பரீட்சை வைத்தவர்கள் கேட்டிருக்க வேண்டியது அது.

முதல் கேள்வி முக்கியம். ஓரிரு நாளில் திடீரென்று மோசமானால் அது நிலை மாறியது கிடையாது, வேறு ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். டெலிரியம் என்போம். சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, உடம்பில் நீர் வற்றுவது, மலச்சிக்கல், சோடியம் குறைவது, புதிதாக ஆரம்பித்த தூக்க மாத்திரை, சாதாரண ஜலதோஷ மாத்திரைகூட இதைச் செய்யும். அல்சைமர் இப்படி நான்கு நாளில் பாயாது, மாசக்கணக்கில் நகரும். அடுத்த முறை இப்படி ஆனால் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டு போங்கள், காத்திருக்காதீர்கள். அந்த நாட்களில் யாராவது பரீட்சை வைத்து நிலை எழுதினால் அந்த எண்ணை ஏற்காதீர்கள், தேறிச் சில வாரமாவது கழித்துத்தான் அளக்க வேண்டும். பி12 ஊசி முடிந்து சில மாசம் கழித்தும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். எம்.எம்.எஸ்.இ.யில் இரண்டு மூன்று மதிப்பெண் ஏறி இறங்குவது தூக்கம், சோர்வு, கேட்ட ஆள் இவற்றாலேயே நடக்கும், அதைப் பார்த்து மகிழவும் வேண்டாம், உடையவும் வேண்டாம்.

அடுத்த நிலை எப்போது என்று தேதி போட்டுச் சொல்பவரை நம்ப வேண்டாம். அல்சைமரில் வருஷத்துக்குச் சராசரியாக மூன்று மதிப்பெண் அளவு இறங்கும் என்று படித்திருக்கிறோம், ஆனால் அந்தச் சராசரிக்குள் இரண்டு வருஷம் அசையாமல் இருப்பவரும் உண்டு, ஆறு மாசத்தில் சரிபவரும் உண்டு. உங்கள் அம்மாவுக்கு உரிய வேகத்தை அவருடைய இரண்டு மூன்று அளவுகளை வரிசையாக வைத்தால்தான் பார்க்க முடியும். அதனால் ஒரே டாக்டரிடம், ஒரே பரிசோதனையை, கூட இருக்கும் அதே ஆள் தகவல் சொல்ல, ஆறு மாசத்துக்கு ஒரு முறை செய்யுங்கள். நிலை தெரிவது மருந்துக்கும் உதவும், டோனபெசில் லேசான நிலையிலிருந்தே கொடுப்பது, மெமன்டின் நடுத்தரத்துக்கு மேல்தான் முக்கியமாகச் சேர்ப்பது.

பத்திரம் பற்றி: உறவினர் சொன்னது தவறு. லேசானது, நடுத்தரம் என்ற சொல்லை வைத்துக் கையெழுத்து செல்லும், செல்லாது என்று முடிவாகாது. என்ன பத்திரம், யாருக்குப் போகிறது, கையெழுத்துப் போட்டால் தனக்கு என்ன மிஞ்சும் என்பதை அந்த நேரத்தில் அவர் புரிந்துகொண்டு, எடைபோட்டு, தன் வாயால் சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி. காலையில் தேநீரா காப்பியா என்று முடிவு செய்ய முடிகிறவருக்கு வீட்டை எழுதிக் கொடுப்பது புரியாமல் இருக்கலாம். அவருடைய கட்டங்களில் அதிகம் இறங்கியிருப்பதே யோசித்து முடிவெடுப்பதுதான், அதை மறக்க வேண்டாம். இதற்குத் தனியாக ஒரு மதிப்பீடு கேளுங்கள், வழக்கறிஞரிடமும் பேசுங்கள். நீங்களும் அண்ணனும் ஒன்றாக இருக்கும்போது, அம்மா காலை வேளையில் தெளிவாக இருக்கும்போது, அவர் விருப்பம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். எழுதிக்கொள்வது அதற்கப்புறம்.


செவ்வந்தி எழுதியது:

ரொம்ப நன்றி டாக்டர். இந்தப் பக்கத்தை அண்ணனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. நேற்று ராத்திரி போன் பண்ணினார், காதுகுத்து பற்றி அம்மாவிடம் கேட்டுப் பார்த்தாராம், "எந்தக் காதுகுத்து, உனக்கா" என்று கேட்டார்களாம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாசம் பத்து நாள் லீவு போட்டுவிட்டு வருகிறேன், அந்தப் பத்து நாளும் அம்மாவை நானே பார்த்துக்கொள்கிறேன், நீ எங்கேயாவது போய்விட்டு வா என்றார்.

நோட்டு வாங்கிவிட்டேன். பழைய சீட்டுக் கணக்கு நோட்டு மாதிரியே நீள நோட்டு. அம்மா பார்த்துவிட்டு, "இந்த மாசம் ஏலம் என்னைக்கு?" என்று கேட்டார். முதல் பக்கத்தில் அதைத்தான் எழுதியிருக்கிறேன், வியாழன், காலை 9.15.